கால் வளையத்தில் எழுதிய பெயர்

தினேஷ்,

எந்தப் பேச்சையும் சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் தொடங்க எனக்குத் தெரியும். ஏழு வாரமாக நீ என் போனை எடுக்காததால் அதை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். சாப்பிடுகிறாயாம், நேரத்துக்கு இல்லையாம். போன ஞாயிற்றுக்கிழமை காலை நீ சிங்கப்பூரிலிருந்து அவளைக் கூப்பிட்டபோது நான் வீட்டுக்குப் பின்னால் குருவிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். அவளுக்கு இடது காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். நான் ஒட்டுக் கேட்கவில்லை, நம் வீடு அவ்வளவுதான் பெரிது. "அம்மா, கார்டு அடிக்கக் கொடுக்கணும். மாப்பிள்ளையோட அப்பான்னு யார் பேர போடறது?" என்று கேட்டாய். கேட்பதற்கு முன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினாய். அம்மா போனை மேசைமேல் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ வைக்கும்வரை உன் காதில் குருவிச் சத்தம்தான் கேட்டிருக்கும்.

அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்து உறையில் போட்டாலும் ஒட்டப் போவதில்லை. நீ கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணும் படிக்கட்டும். நம் வீட்டில் ஒட்டி வைத்த உறைகள் போதும். அம்மாவைக் கேட்காமல் இதை எழுதவில்லை. அவள் சொன்னது இதுதான்: "எழுதுங்க. ஆனா என்னைய நல்லவளாவும் ஆக்காதீங்க, கெட்டவளாவும் ஆக்காதீங்க. நடந்தத மட்டும் எழுதுங்க." அப்படியே செய்யப் பார்க்கிறேன். எனக்கு அறுபத்தொரு வயதாகிறது, வயிற்றில் தையல் இன்னும் இழுக்கிறது, அழகுபடுத்தி எழுதத் தெம்பும் இல்லை.

ஏழு வாரத்துக்கு முன் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். சொந்தக்காரர்கள் யாராவது ரத்தம் கொடுத்தால் நல்லது என்றார்கள். நீ சிங்கப்பூரிலிருந்து பாலத்தைக் கடந்து ஓடி வந்தாய். கீழ்மாடியில் ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சோடும் ஒரு சின்ன அட்டையோடும் மேலே வந்தாய். அட்டையில் ஓ என்று இருந்தது. என் கட்டில் காலில் தொங்கிய தாளில் ஏபி என்று இருந்தது. ஏபி அப்பாவுக்கு ஓ பிள்ளை பிறக்காது என்பது பள்ளிக்கூடத்தில் படித்தவனுக்கே தெரியும். நீயோ லேபில் வேலை செய்கிறவன். தாளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "பார்க்கிங் டிக்கெட் முடியப் போகுது," என்று சொல்லிவிட்டுப் போனாய். மறுநாள் ஒரே ஒரு வரி அனுப்பினாய்: 'அன்னைக்கே கேட்டீங்களே, எனக்குத்தான் பொறந்தியான்னு.' அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

நான் உன்னைப் பெற்றவன் இல்லை. பார், ஒரு வரிதான். இதைச் சொல்லாமல் இருக்க எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறேன்.

எனக்கு வேறு படிப்பு கிடையாது. பாசிர் கூடாங்கில் ரசாயனத் தொட்டிகளுக்கு நடுவே ஷிப்ட் பார்த்ததும், வீட்டில் முராய் குருவி வளர்த்ததும்தான் என் வாழ்க்கை. அதனால் எனக்குப் புரிந்த வழியிலேயே வருகிறேன், பொறுத்துக்கொள். நீ பிறந்ததிலிருந்து கேட்டுச் சலித்த அந்தக் குருவிக்குத் தமிழில் சோலைபாடி என்று ஒரு பெயர் இருக்கிறதாம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெண் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பல்கலைக்கழகத்தில் பாட்டுக் குருவிகளின் குடும்ப வாழ்க்கையைப் பற்றிப் படிக்கிறாளாம். குஞ்சுகளிலிருந்து ஆளுக்கு ஒரு இறகு, பெரிய குருவிகளிலிருந்து ஆளுக்கு ஒரு இறகு என்று பிடுங்கி, பேனாவால் எண் எழுதி, தனித்தனிப் பையில் போட்டு எடுத்துப் போனாள். தமிழ்ப் பிள்ளை, மரியாதை தெரிந்தவள், அம்மா கொடுத்த மைலோவைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

அப்போது நம்மிடம் ராஜா இருந்தது. நீயும் பார்த்திருக்கிறாய். மூன்று போட்டியில் கோப்பை வாங்கிய குருவி. அதன் வாரிசு வேண்டும் என்று எனக்குப் பேராசை. ஏற்கெனவே வேறொரு ஆணோடு ஜோடி சேர்ந்திருந்த பெட்டையைப் பார்த்தேன். நல்ல பெட்டை, நல்ல தாய். பழைய ஆணை வெளியே எடுத்துவிட்டு, நான்காம் நாள் ராஜாவை உள்ளே விட்டேன். சில ஆண் குருவிகள் பிடிக்காத பெட்டையைக் கொத்தியே கொன்றுவிடும். ராஜா அப்படிச் செய்யவில்லை, பாடியது. இரண்டு நாளில் பெட்டை முட்டையிட ஆரம்பித்தது. நான்கு குஞ்சுகள். ஆறாம் நாள் நான்கின் காலிலும் வளையம் போட்டேன். அந்த வேலை எப்படி என்று உனக்குத் தெரியும், நீயே டார்ச் பிடித்திருக்கிறாய். முன்விரல் மூன்றையும் சேர்த்து வளையத்துக்குள் நுழைத்து, பின்விரலைக் குச்சியால் மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். இரண்டு நாள் முந்திப் போட்டால் கழன்று விழும், இரண்டு நாள் பிந்திப் போட்டால் கால் நுழையாது. போட்டபிறகு வளையத்தை வெட்டாமல் எடுக்க முடியாது. வளையத்தில் ராஜாவின் பெயரை என் கையாலேயே பொறித்தேன். அப்படி ஒரு பெருமை எனக்கு.

சில மாதம் கழித்து அந்தப் பெண் ஒரு தாளோடு வந்தாள். முகத்தில் தயக்கம். "அங்கிள், கோவிச்சுக்காதீங்க. இந்த நாலுல ரெண்டுதான் ராஜாவோட பிள்ள. மத்த ரெண்டும் இல்ல." எனக்குக் கோபம் வந்தது. "என்னம்மா பேசுற நீ? என் கையால வளையம் போட்டேன்மா," என்றேன். "வளையம் கால்லதான போட முடியும் அங்கிள்," என்றாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். பெட்டைக் குருவி பழைய ஆணின் வித்தைத் தன் உடம்புக்குள் பல நாட்கள் வைத்திருக்குமாம். நான்கு நாளில் ஆளை மாற்றிவிட்டு எல்லாம் புதியவனுடையது என்று நினைப்பது வளர்க்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பாம். முப்பது வருடமாக இந்தக் குருவிகளோடு இருக்கிறேன், எனக்கு இது தெரியாது. குருவி வளர்க்கும் நம் ஆட்களிடம் பிறகு சொன்னபோது எல்லாரும் பெட்டையைத்தான் திட்டினார்கள். ஆளை மாற்றியவன் நான். அது முட்டைதான் இட்டது.

அதோடு அவள் போயிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "காட்டுல இருக்கறதெல்லாம் ஒழுங்கா ஜோடியோட இருக்கும்தானே?" என்று கேட்டேன். சிரித்தாள். "நாம நினைக்கிற மாதிரி இல்ல அங்கிள். பாட்டுக் குருவியில பல ஜாதி ஜோடியாத்தான் கூடு கட்டும், ஜோடியாத்தான் ஊட்டும். ஆனா கூட்டுல இருக்கற குஞ்சு எல்லாம் அந்த ஆணோடதா இருக்கணும்னு இல்ல. பெட்டை பக்கத்துக் கிளைக்கும் போய்ட்டு வரும், ஆணும்தான் போகும்." நான் கூண்டைப் பார்த்தபடி கேட்டேன்: "அந்த ஆணுக்குத் தெரியுமா?" அவள் கொஞ்சம் யோசித்தாள். "தெரியுதா இல்லையான்னு சொல்றது கஷ்டம். நெறைய ஜாதியில ஒண்ணும் வித்தியாசம் காட்டாம ஊட்டும். சில ஜாதியில சந்தேகம் வந்துட்டா ஊட்டறத கொறைச்சுக்கும்." உன் அம்மா வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அந்தப் பக்கக் காது நன்றாகவே கேட்கும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் பிள்ளை இல்லை. எனக்கு முப்பது, அவளுக்கு இருபத்தாறு. சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவள் வயிற்றைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார்கள். அவள் ஒரு நாள், "ரெண்டு பேரும் போய் டெஸ்ட் எடுத்துப் பாப்போம்," என்றாள். ரெண்டு பேரும் என்று சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்கென்னடி குறை?" என்று கத்தினேன். சட்டை துணிமணியை ஒரு பையில் அடைத்துக்கொண்டு சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போனேன். ஒரு வாரம் என்று நினைத்துத்தான் போனேன். பதினோரு மாதம் ஆனது. அவளை மாசாயில் ஒரு வாடகை அறையில் தனியாக விட்டுவிட்டு, எந்த நம்பரில் என்னைக் கூப்பிடலாம் என்றுகூடச் சொல்லாமல் பதினோரு மாதம். எல்லாரும் அவள் என்ன செய்தாள் என்றுதான் கேட்பார்கள். அதற்கு முன் நான் செய்தது இது. உன் கல்யாணத்துக்கு என்னிடம் புத்தி கேட்டால் ஒன்றுதான் சொல்வேன்: கோபம் வந்தால் கத்து, தட்டைத் தூக்கிப் போடு, ஆனால் வாசலைத் தாண்டிப் போகாதே. டெஸ்ட் என்று கூப்பிட்டால் வாயை மூடிக்கொண்டு கூடவே போ. நான் இன்றுவரை போகவில்லை. உனக்குத் தம்பி தங்கை ஏன் இல்லை என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

அவள் அப்போது எலக்ட்ரானிக் பேக்டரியில் வேலை செய்தாள். பேக்டரி பஸ் ஓட்டிய ஒருவர். அவளுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்து அறையில் கிடந்தபோது, இரண்டு நாளாகப் பஸ் ஏற வரவில்லையே என்று தேடி வந்து கிளினிக்குக் கொண்டுபோனவர். நான் செய்திருக்க வேண்டிய வேலை. மற்றதை நீ கேட்டால் அம்மா சொல்வாள், அது அவளுடைய பேச்சு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவருக்குச் சொந்த ஊர் சிகாமட். ஆறு ஏறி வந்து அவர்கள் வீடு மூழ்கியது என்று ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. உன்னைப் பற்றி அவருக்குத் தெரியாது. பெயர் அம்மாவுக்குத் தெரியும். நீ போய்த் தேடினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். கார் வேண்டுமானால் என் காரை எடுத்துக்கொள், பிரேக்கை மட்டும் பார்த்துக்கொள்.

நான் ஒரு மத்தியானம் திரும்பி வந்தேன். கதவருகே நின்றாள், ஐந்து மாதம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னாள்: "உள்ள வாங்க. எல்லாத்தையும் சொல்லிடறேன். கேட்டுட்டு இருக்கறதுன்னா இருங்க, போறதுன்னா போங்க. ஆனா கத்தாதீங்க, பக்கத்து ரூம்காரங்க புள்ள தூங்குது." சொன்னாள். நான் கத்தவில்லை. எழுந்து போனேன். பஸ் நிறுத்தம்வரை போய் உட்கார்ந்தேன். மூன்று பஸ் வந்தது, மூன்றிலும் ஏறவில்லை. பிறகு நடந்து திரும்பி வந்தேன். பெரிய மனசு என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. எனக்குப் போக வேறு இடம் இல்லை, ரொம்பக் களைப்பாக இருந்தது, அவள் மீன்குழம்பு வைத்திருந்தாள். முதலில் அவ்வளவுதான்.

அந்தப் பெண் சொன்னாளே, சந்தேகம் வந்தால் ஊட்டுவதைக் குறைத்துக்கொள்ளும் என்று. எனக்குச் சந்தேகம்கூட இல்லை, தெரிந்தே இருந்தது. நானும் குறைத்தேன். உனக்கு ஆறு ஏழு வயதிருக்கும். உன் கால் நீண்டுகொண்டே போனது. என் வம்சத்தில் யாருக்கும் அப்படிக் கால் இல்லை. நீ தூங்கும்போது, சாப்பிடும்போது, உன் முகத்தில் நான் பார்த்தே இராத ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தேன். அதைப் பார்க்கச் சகிக்காமல் ஆறேழு மாதம் ஓவர்டைம் எழுதிக் கொடுத்தேன். உன் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. 'ஷிப்ட் மாத்திட்டாங்கய்யா' என்றேன். யாரும் மாற்றவில்லை. கேண்டீனில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். நீ ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த ரிப்பனை என் தலையணைமேல் வைத்திருந்தாய். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை இங்கே எழுதி முடிக்க முடியாது. அதற்குப் பிறகு ஓவர்டைம் கேட்கவில்லை. ஆனால் அந்த ஆறேழு மாதம் உனக்குப் போய்ச் சேராமல் போய்விட்டது, அதை நான் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

இப்போது நீ அனுப்பிய அந்த வரி. உனக்குப் பன்னிரண்டு வயது. தீனி போடப் போன நீ கூண்டின் உள்கதவைச் சாத்தாமல் வந்துவிட்டாய். அப்போதிருந்த போட்டிக் குருவி பறந்து பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரத்தில் உட்கார்ந்து, ஒரு பாட்டுப் பாடிவிட்டு, செம்பனைத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டது. நான் வெளியே வந்து கத்தினேன்: "நீ எனக்குத்தான் பொறந்தியாடா?" தமிழன் வீட்டில் எந்த அப்பன் இதைச் சொல்லவில்லை? மார்க் குறைந்தால் சொல்வான், மோட்டார் சைக்கிளைக் கீழே போட்டால் சொல்வான். நம் தாமான் குடியிருப்பில் தினம் நாலு வீட்டில் கேட்கும். நம் ஒரு வீட்டில்தான் அதைச் சொல்லக் கூடாது. அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாளி கீழே விழுந்தது. அதற்குப் பிறகு மூன்று வாரம் சோறு போட்டாள், பேசவில்லை. நீயோ ஒன்றும் அறியாதவனாக, "அந்தக் குருவி வேற வீட்ல போய்ப் பாடும் லா, அப்பா," என்று எனக்கே ஆறுதல் சொன்னாய்.

அது வாய்தவறி வந்ததா, வேண்டுமென்று சொன்னதா என்று நீ கேட்பாய். அதை நானே பல வருடம் என்னைக் கேட்டிருக்கிறேன். எல்லா அப்பனும் சொல்வதுபோல்தான் ஆரம்பித்தேன். ஆனால் பாதியில், 'எனக்குத்தான்' என்ற சொல்லில், என் குரல் கொஞ்சம் அழுந்தியது. கால்வாசி தெரிந்தே சொன்னேன், தினேஷ். முக்கால்வாசி குருவி போன ஆத்திரம். அந்தக் கால்வாசிக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதை நேரில் கேட்டிருக்க வேண்டும், அதற்குத் துணிச்சல் இல்லை. உனக்குப் பிள்ளை பிறந்தால் திட்ட எவ்வளவோ சொல் இருக்கிறது. எருமை என்று சொல், மாடு என்று சொல். இதை மட்டும் வாயில் வைக்காதே.

ராஜா கூட்டின் கதை முடியவில்லை. வளையம் தப்பு என்று தெரிந்தபோது அந்த நான்கில் ஒன்று, ராஜாவினுடையது இல்லாத ஒன்று, ஏற்கெனவே கோத்தா திங்கி போய்விட்டது. அங்கே நிலக் குடியேற்றத் திட்டத்தில் இருக்கும் மலாய்க்காரர் ஒருவர் வாங்கியிருந்தார். சொல்லாமல் விட்டிருக்கலாம். எனக்குத்தான் சொல்லாமல் விட்டு விட்டு அலுத்துப்போயிருந்தது. போய்ச் சொன்னேன். அவர் வீட்டுத் தூணில் கூண்டு தொங்கியது. அவர் பதில் சொல்வதற்குள் குருவி பாட ஆரம்பித்தது. ராஜாவின் பாட்டு, ஏற்றம் இறக்கம் எல்லாம் அப்படியே. முடிக்கும்போது 'கிரீச்' என்று ஓர் இழுப்பு. நம் வீட்டு முன்கேட்டின் சத்தம்! ராஜா அதைக் கேட்டுக் கேட்டுப் பாட்டில் சேர்த்துக்கொண்டு, அதனாலேயே ஒரு போட்டியில் மார்க் போய், நான் கேட்டுக்கு எண்ணெய் போட்டேனே, அந்தச் சத்தம். இது ராஜாவின் ரத்தம் இல்லை, நம் கேட்டையும் இப்போது பார்ப்பதில்லை. ராஜா ஊட்டி வளர்த்தது, ராஜாவின் பக்கத்திலேயே தொங்கியது, நல்லது கெட்டது எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. அந்த மனிதர் சிரித்துக்கொண்டே, "தாப்பா லா, டா சாயாங்," என்றார். பரவாயில்லை, பாசம் வைத்தாச்சு என்கிறார். திரும்பி வரும் வழியில் ஆற்றங்கரையில் காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்.

இதை வைத்து ரத்தம் ஒன்றுமில்லை, வளர்ப்புதான் எல்லாம் என்று உன்னை ஏமாற்ற மாட்டேன். அந்தப் பெண்ணும் அப்படிச் சொல்லவில்லை. பாட்டு கேட்டு வருவதாம், வால் ரத்தத்தில் வருவதாம். ராஜாவுக்கு நீள வால், அந்த இரண்டு குஞ்சுக்கும் வால் குட்டைதான். உன் உயரமும் சுருட்டை முடியும் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும், அவற்றுக்கு நான் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் கஷ்டமான எதையாவது கேட்பதற்கு முன் இரண்டு தடவை தொண்டையைச் செருமுகிறாயே, அது யாருடையது? கதவை அறைந்து சாத்திவிட்டு, அறைந்ததற்கு வெட்கப்பட்டுத் திரும்ப வந்து மெதுவாகச் சாத்துகிறாயே, அது? மனசு சரியில்லை என்றால் வேலையைக் காரணம் காட்டிவிட்டுப் பாலம் தாண்டிப் போய் உட்கார்ந்துகொள்கிறாயே, ஏழு வாரம்? அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நல்லதாகப் பார்த்துப் பிடித்திருக்கக் கூடாதா? என் கேட் சத்தத்தையா பிடிப்பாய்?

கடைசியாக ஒன்று. நீ பிறந்ததைப் பதியப் போன கதை உனக்கு மனப்பாடம். விருந்துக்கு வந்த எல்லாருக்கும் நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். பதிவு அலுவலகத்துக் கவுண்டரில் ஒரு மலாய் அம்மா. பிள்ளை பெயர் கேட்டார், தினேஷ் என்றேன். அடுத்து, "நாமா பாப்பா?" என்றார். பள்ளிக்கூடம் முழுக்க மலாயில் படித்தவன் நான். அப்பா பெயரைக் கேட்கிறார் என்று தெரியாதா? அன்றைக்கு என் காதில் நம் தமிழ் பாப்பாதான் விழுந்தது. பாப்பா பெயரைத்தான் திரும்பக் கேட்கிறார் என்று, "தினேஷ்," என்றேன். அவரும் எழுதிவிட்டார். பிறகு பேனாவை நிறுத்தி, "அனாக் தினேஷ், பாப்பா புன் தினேஷ் கா?" என்று கேட்டுச் சிரித்தார். பிள்ளையும் தினேஷ், அப்பாவும் தினேஷா என்கிறார். தினேஷ் த/பெ தினேஷ். ஃபாரம் வீணாகி, புது ஃபாரம் எடுத்தார். இதுவரை சொல்லித்தான் எல்லாரையும் சிரிக்க வைப்பேன். உன் நிச்சயதார்த்தத்தன்றுகூடச் சொன்னேன்.

சொல்லாமல் விட்டது இது. புது ஃபாரத்தில் உன் பெயரை எழுதி முடித்துவிட்டு அவர் நிமிர்ந்து, "என்சே லா பாப்பா டியா, கான்?" என்றார். நீங்கள்தானே இவனுக்கு அப்பா? சும்மா கேட்டார், அவருக்கு அது தினமும் கேட்கிற கேள்வி. பின்னால் வரிசை நின்றது. உன் அம்மா பின்பெஞ்சில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொன்னால் அவள் எழுந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள், ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாள். நீ கொட்டாவி விட்டாய். அந்த அம்மா பேனாவோடு காத்திருந்தார். ஒரு நிமிடம் இருக்கும். தொண்டையை இரண்டு தடவை செருமிவிட்டு, "யா," என்றேன். என் பெயரைச் சொன்னேன். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார், சொன்னேன். என் வாழ்க்கையில் தெரிந்து, யோசித்து, வேறு யாரும் தள்ளாமல் நானாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். உன்னை நான் பெறவில்லை, தினேஷ். உன்னைப் பற்றிக் கேட்டார்கள், ஆமாம் என்று சொன்னேன்.

இப்போது கவுண்டரில் நிற்பது நீ. கார்டில் என் பெயரைப் போடு என்று நான் கேட்கப் போவதில்லை. சிகாமட்டுக்காரர் பெயரைப் போட்டாலும் சரி, அம்மா பெயரை மட்டும் போட்டாலும் சரி, நான் கல்யாணத்துக்கு வருவேன். அம்மா என் வேட்டியை எடுத்து இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள். மேடையில் இடம் இல்லை என்றால் மூன்றாம் வரிசையில் காற்றாடிக்குக் கீழே ஒரு நாற்காலி போதும், எனக்குப் புழுக்கம் தாங்காது. உன்னைப் பார்க்க வேண்டும், சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு ஒரு நிமிடம் ஆனது. உனக்கு எவ்வளவு நாள் ஆனாலும் நான் காத்திருப்பேன். கார்டு அடிக்கிறவர் மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்கிறார்.

அப்பா